மஞ்சப்பையில் எட்டிப்பார்த்த அரக்குப் பட்டு

போன மாதம் என் மகள் தன் ஃபோனில் லொகேஷனை அணைத்துவிட்டாள். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். நான் சென்னையில் அடுப்படியில் நின்றபடியே அவள் எங்கே இருக்கிறாள் என்று ஃபோனில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். புள்ளி காலேஜில் இருந்தால் எனக்குச் சோறு இறங்கும். ஒருநாள் அந்தப் புள்ளி ஒரு பிரியாணிக் கடையில் மூன்று மணி நேரம் நகராமல் நின்றது. சும்மா இருந்திருக்கலாம். "அவ்வளவு நேரம் அங்க என்னடி சாப்பிட்டே?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான், புள்ளி காணாமல் போனது.

"இது டார்ச்சர்மா. எங்க போனாலும் யாரோ பாத்துட்டே இருக்கிற மாதிரி இருக்கு. அந்தக் கஷ்டம் உனக்குப் புரியாது" என்றாள்.

எனக்குப் புரியாதாம்! எனக்கு! ஆரணியில் பிறந்து பதினேழு வருஷம் அங்கேயே வளர்ந்தவளைப் பார்த்து அவள் சொன்னதைக் கேட்டு, ஃபோனை வைத்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன். எங்கள் ஊரில் அப்போது செல்போனே கிடையாது. ஆனால் நான் எந்த நிமிஷம் எந்தத் தெருவில் நிற்கிறேன், கையில் என்ன வைத்திருக்கிறேன், முகம் எப்படி இருக்கிறது என்பது வரை என் வீட்டுக்குத் தகவல் போய்விடும். நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் போய்விடும். இந்த நீலப் புள்ளியெல்லாம் அதன் கால் தூசிக்குக் காணாது.

சின்ன ஊரில் வளர்வதில் என்ன குறை என்று கேட்டால் எல்லாரும் நல்ல காலேஜ் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி இல்லை என்பார்கள். அதெல்லாம் இரண்டாம் பட்சம். பெரிய குறை, அங்கே நீங்கள் யாருக்கும் தெரியாத ஆளாக ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியாது. மெடிக்கல் கடையில் பெண்பிள்ளைகளுக்கு வேண்டியதைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள், மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். அந்தக் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் ஊருக்கே தேதி தெரிந்துவிடும். டெய்லரிடம் ஜாக்கெட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் அவர் சரி சரி என்று தலையாட்டுவார். அப்புறம் அம்மாவிடம் கேட்டுவிட்டு, இருந்ததைவிடத் தளர்த்தித் தைத்துக் கொடுப்பார்.

போட்டோ ஸ்டுடியோக்காரர் இன்னும் ஒரு படி மேலே. நான் ஒரு விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக, யாருக்கும் தெரியாமல் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். படம் நன்றாக வந்துவிட்டதாம். மனுஷன் அதைப் பெரிசாக்கி, கன்னத்தில் ரோஸ் கலர் ஏற்றி, கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார்! டீ குடிக்கப் போன அப்பா திரும்பி வந்து, "உன் மூஞ்சி இன்னாத்துக்குடி கடைத்தெருவுல தொங்கிகினு கீது?" என்று கேட்டார். பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு என்று ஒரு பொய் சொன்னேன்.

அந்த விண்ணப்பம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லத்தான் வந்தேன்.

பூப்பந்து பார்த்திருக்கிறீர்களா? கம்பளி நூலைச் சுற்றிச் செய்த மஞ்சள் பந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் மட்டையோடு நிற்பார்கள். எனக்கு அது பைத்தியம். சும்மா ஆசை இல்லை, பைத்தியம். புதுப் பந்தின் கம்பளி வாசனையை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்பேன். எங்கள் ஊரில் இதற்கு என்ன குறை தெரியுமா? எல்லாமே குறைதான். பந்து வாங்க வேலூர் போக வேண்டும். அதனால் ஒரே பந்தை முடி கொட்டி மொட்டையாகும் வரைக்கும் அடிப்போம். எங்கள் ஸ்கூலில் ஆடத் தெரிந்தவர்கள் நாலே பேர். ஐந்தாவதாக ஒருத்தியை நிற்கவைப்போம். பந்து வந்தால் அவள் மட்டையால் முகத்தை மூடிக்கொள்வாள். அவளையும் சேர்த்துக்கொண்டு, அவள் இடத்துக்கும் ஓடி ஓடி அடித்துத்தான் எனக்குக் கால் வேகமானது. அந்த வகையில் ஊரின் குறைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் பி.டி. மிஸ் ஒரு தாளைக் கொடுத்தார். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி, பூப்பந்து ஆடும் பெண்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு வேலூரில் ஒரே ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்க முடியாது. அப்பாவின் பெயர் ஏகாம்பரம். பட்டுத் தறி நெய்கிறவர். நல்ல மனுஷர், கை நீட்ட மாட்டார், ஆனால் கலசப்பாக்கத்தில் இருக்கும் என் அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதாக எப்போதோ முடிவு செய்துவிட்டார். அத்தை மகனும் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய பேஜார். கெட்டவனாக இருந்தால் காரணம் சொல்லித் தப்பிக்கலாம். ஆவணியில் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆக, அந்த ஒரு நாள் ஆட்டம் கைகொடுத்தால் சென்னை. இல்லாவிட்டால் கலசப்பாக்கம். எனக்கு இரண்டே வழிதான் இருந்தது.

சொல்லாமல் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாவு என்பது கூடுதல் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, காய்ந்ததும் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அன்று அப்பா ஒரு முனையில், அவரோடு கூட நெய்கிற வேலு மாமா மறு முனையில். யாருக்கும் தலை தூக்க நேரம் இருக்காது. நான் பாட்டுக்கு நழுவிவிடலாம். பாவு நீட்டினால் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், வண்டி போகாது, ஆள் குறுக்கே போகக் கூடாது, போகிறவள் தெருவின் ஓரமாக அத்தனை பேர் முன்னாலும் முழுத் தூரமும் நடந்துதான் போக வேண்டும் என்பது மட்டும் இந்த அறிவாளிக்குத் தோன்றவில்லை.

அடுத்த அறிவாளித்தனம் மட்டையை மறைத்தது. மட்டையைக் கையில் எடுத்துப் போனால் மாட்டிக்கொள்வேன். ஒரு மஞ்சப்பையில் போட்டேன், கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. துண்டு எடுத்துச் சுற்றினால் அம்மா தேடுவாள். தறி மூலையில் பழுது விழுந்து வெட்டிப்போட்ட ஒரு பட்டுத் துண்டு கிடந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை, ஜரிகை. அதைச் சுற்றி வைத்துக்கொண்டு, அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நீங்கள் வேறு ஊர்க்காரராக இருந்தால் அது வெறும் சிவப்புத் துணி. ஆரணியில் அப்படி இல்லை. அரக்குப் பட்டு, பச்சைக் கரை, அதுவும் மஞ்சப்பையில் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முகூர்த்தப் புடவை. எந்தத் தறியில் யார் எந்தக் கரை ஓட்டுகிறார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த மாதம் எங்கள் தறியில் அதே அரக்கும் பச்சையும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் யோசிக்காமல் நான் கொடி பிடித்துக்கொண்டு போகிற மாதிரி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன்.

டெய்லர் கடை வாசலில் நிறுத்தினார். "ஸ்கூலு அந்தாண்ட கீது. நீ எங்கமா இந்தாண்ட போற?"

"சேத்துப்பட்டு சித்தி வூட்டுக்கு அண்ணே" என்றேன். சென்னைச் சேத்துப்பட்டு இல்லை, எங்களுக்குப் பக்கத்து ஊர்.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற குப்பம்மா அக்கா பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் படாமல் யாரும் பஸ் ஏற முடியாது. "இன்னாடி காலங்காத்தால? பையில இன்னா?"

"துணிக்கா. ஸ்கூல்ல திருமலை ஜைனக் கோயிலுக்குக் கூட்டிகினு போறாங்க."

"திருமலைக்கா? அப்ப வேலூரு பஸ்ஸாண்ட இன்னா பண்ற?"

குப்பம்மா அக்கா பையைப் பார்த்தாள். பையின் வாயில் எட்டிப்பார்த்த கரையைப் பார்த்தாள். அப்புறம் பஸ்ஸைப் பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னலோரமாக சைக்கிள் கடை பழனி உட்கார்ந்திருந்தான், டயர் டியூப் வாங்க வேலூர் போகிறவன். அவனுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, எங்கள் வீட்டு சைக்கிளுக்கு அவன் பங்க்சர் ஒட்டியதுதான். குப்பம்மா அக்காவுக்குத் திடீரென்று கண் கலங்கியது. ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் தலையில் தானே வைத்துவிட்டு, "எங்க இருந்தாலும் நல்லா இருமா" என்றாள். காசும் வாங்கவில்லை. இவளுக்கு என்ன இன்று இவ்வளவு பாசம் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நான் போன பிறகு ஆரணியில் நடந்ததை எனக்குப் பல பேர் பல வருஷங்களில் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன ஒவ்வொருவரும் தான்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். குப்பம்மா அக்கா டீக்கடையில் சொன்னாள். டீக்கடையில் இருந்து செய்தி பழனியின் அம்மாவுக்குப் போனது. அவள் தலையில் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஓடி வந்தாள். "ஏகாம்பரம் பொண்ணு முகூர்த்தப் பொடவையோட என் புள்ளய இட்டுகினு பூட்டா!" என்று நீட்டின பாவுக்குப் பக்கத்தில் நின்று கத்தினாள். ஊரே கூடிவிட்டது. டெய்லர் சேத்துப்பட்டு என்றார். அம்மா ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். யாரோ ஒருத்தர் திருமலை என்றதும் வேலு மாமா, "அது ஜைனக் கோயிலுயா, அங்க எவன்யா தாலி கட்டுவான்? வேலூருதான். ஏறு வண்டியில, ஜல்தி" என்று மொபெட்டைக் கிளப்பினார். அப்பா கஞ்சிக் கையோடு, லுங்கியோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் வேலூர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். எப்படி ஆடினேன் தெரியுமா! புதுப் பந்துகள் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பந்துகளை ஒன்றாகப் பார்த்ததே இல்லை. ஊர் ஊராக வந்த பெண்களைக் கலந்து ஐந்து ஐந்து பேராக ஆடவிட்டார்கள். பந்து வந்தால் முகத்தை மூடிக்கொள்ளாத நாலு பேர் எனக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை. மூலைக்கு வந்த பந்தை விழுந்து எடுத்தேன், பின்னால் போனதைத் திரும்பாமலே அடித்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது, அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெயர் வாசித்தார்கள். என் பெயர் மூன்றாவதாக இருந்தது. நான் குதித்த குதியில் தலையில் இருந்த மல்லிகை அறுந்து விழுந்தது.

அப்புறம்தான் இடி. தேர்வு செய்த மேடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "அப்பா எங்கம்மா? பேரன்ட்ஸ் நேர்ல சைன் போடணும். ஒரு மணிக்கு நாங்க கிளம்பிடுவோம். சைன் இல்லன்னா அடுத்த பொண்ணுக்குப் போயிடும்" என்றார். மற்ற பெண்களின் அப்பா அம்மாவெல்லாம் வேப்பமரத்து நிழலில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பா நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பாவு பிடித்துக்கொண்டிருந்தார், நான் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஆரணிக்குப் போகக்கூட முடியாது. போனாலும் அவர் வரமாட்டார். மண்ணில் உட்கார்ந்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அப்படி ஒரு அழுகை அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை. கையில் கிடைத்துவிட்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

பன்னிரண்டரை இருக்கும். மைதானத்தின் வாசலில் ஒரு மொபெட் புகைவிட்டுக்கொண்டு வந்து நின்றது. வேலு மாமா இறங்கினார். பின்னால் அப்பா இறங்கினார். அவர்களுக்குப் பின்னால், தோளில் இரண்டு சைக்கிள் டயரை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பழனி ஓடிவந்தான். வேலூரில் கோயில் கோயிலாகத் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். "ஐயோ எனக்கு ஒன்னியும் தெரியாதுங்க, கிரவுண்டு எதுன்னு கேட்டா, வழி காட்டினேன், அவ்ளோதாங்க" என்று அவன் கதறியிருக்கிறான். அவனையே வழிகாட்டச் சொல்லி இழுத்து வந்துவிட்டார்கள்.

வேலு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார். "எங்கடி மாப்ள? எங்க ஒளிச்சி வச்சிகினு கீற? வரச் சொல்லு அவன!"

"இன்னா மாப்ள மாமா?"

"பொடவ எதுக்குடி அப்ப?"

நான் பையில் இருந்த அரக்குத் துணியை எடுத்துக் கொடுத்தேன். அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவர் அந்தத் துண்டை வெயிலில் விரித்துப் பிடித்துக் கரையோரமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்! பெண் ஓடிப்போய்விட்டாள் என்று அத்தனை தூரம் வந்த மனுஷர் முதலில் நெசவைத்தான் பார்த்தார். "டேய் வேலு, இது நம்ம பழுதுத் துண்டுடா. தோ பாரு, இழ வுட்டுப்போன எடம்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதுவரை என் ஆட்டம், என் காலேஜ் என்று மட்டுமே இருந்தவளுக்கு, இந்த மனுஷர் காலையில் இருந்து என்ன பாடு பட்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

மேடம் வந்துவிட்டார். "நீங்கதான் அப்பாவா? நல்ல வேளை வந்தீங்க. பொண்ணு செலக்ட் ஆயிட்டா சார். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அப்பா படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் மேடத்திடம் சொன்னார்: "நான் நெசவுக்காரங்க. சரக்கப் பாக்காம கையெழுத்து போட்டுப் பழக்கமில்ல. ஒருவாட்டி ஆடிக் காட்டச் சொல்லுங்க."

மேடம் சிரித்துவிட்டு, மிச்சம் இருந்த பெண்களைக் கூப்பிட்டார். அழுத முகத்தோடு, சிராய்த்த முழங்கையோடு ஆடினேன். காலையில் ஆடியது கல்லூரிக்காக. இது அப்பாவுக்காக. ஓரக்கண்ணால் பார்த்தால், தறியில் நூல் கோத்த நாடா போய் வருவதைப் பார்க்கிற மாதிரி அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. பழனி டயரைக் கழற்றாமலே கைதட்டினான். ஒரு பந்தை நான் வலையோரம் பாய்ந்து எடுத்தபோது வேலு மாமா, "அட்ரா சக்க!" என்று கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

வேலு மாமாதான் அப்பாவின் காதருகே குனிந்தார். காதருகே என்றால் எல்லாருக்கும் கேட்கும்படி. "யோவ், பொண்ணு ஓடிப்பூட்டான்னு ஊரு பூரா பேசிகினு கீறாங்க. இந்நேரம் கலசப்பாக்கத்துக்கு நியூஸ் பூட்ருக்கும். ஒங்கக்கா இனிமே சம்மந்தம் பண்ணுவான்ற? சும்மா போட்டுத் தள்ளுயா."

அப்பா வேர்வையை அரக்குப் பட்டில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாக, கி.ஏகாம்பரம் என்று கையெழுத்துப் போட்டார். ஆட்டத்தைப் பார்த்துப் போட்டாரா, வதந்திக்குப் பயந்து போட்டாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. கேட்க எனக்குத் தைரியமும் வரவில்லை.

நானும் அப்பாவும் பஸ்ஸில் திரும்பினோம். கண்ணமங்கலம் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கேட்டிருந்தா வுட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அதான் கேக்காத போன. சரி" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. ஆனால் அடுத்த நிமிஷமே நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயோ, பாவு!" என்று அலறினார். தெருவில் நீட்டிய பாவை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்! வெயிலில் கிடந்தால் இழையெல்லாம் முறுக்கிக்கொள்ளும். மாடு மிதித்தால் தீர்ந்தது. அது யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவைக்கான பாவு. மிச்ச வழி முழுக்க அவர் சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

தெருவுக்குள் நுழைந்தால் பாவைக் காணோம். ஓடிப்போய் வீட்டுக்குள் பார்த்தால், கஞ்சி காய்ந்து, ஒரு இழை பிசகாமல் சுருட்டி, சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தது. என்னை ஓடிப்போனவள் என்று ஊர் முழுக்கப் பரப்பிய அதே ஆட்கள்தான் ஆளுக்கொரு கை பிடித்து முடித்திருக்கிறார்கள். பழனியின் அம்மா, "என் புள்ளய மயக்கிட்டாளே பாவி" என்று என்னைத் திட்டிக்கொண்டே கஞ்சி தெளித்தாளாம்! திட்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வருஷம் சிரித்தாள்.

நான் சென்னைக்குப் போனேன். படித்தேன், ஆடினேன், வேலைக்குச் சேர்ந்தேன். ஆரணிக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர், "ஓடிப்போனியே அந்தப் பொண்ணுதான நீ?" என்று கேட்பார்கள். என் கல்யாணத்துக்கு வந்த குப்பம்மா அக்கா மேடையில் என் வீட்டுக்காரரை உற்றுப் பார்த்துவிட்டு, "பழனி இல்லியா?" என்று கேட்டாள். அந்த ஊரில் ஒரு தடவை சொன்னது சொன்னதுதான், அழிக்க முடியாது. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. இதை இன்று இனிப்பாக்கிச் சொன்னால் பொய்யாகிவிடும். அந்த ஒரு வதந்தி எனக்கு நல்லதாக முடிந்தது. எங்கள் தெருவிலேயே வேறு பெண்களுக்கு அதே மாதிரி வதந்தி எப்படி முடிந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஆரணி போயிருந்தேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா ஓசூரில் தம்பியோடு இருக்கிறாள். கல்யாணம் முடிந்ததும், அப்படியே வேலூருக்குப் போய் மகளைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சொல்லாமல் போய் நிற்கப் போகிறேன். திட்டுவாள், திட்டட்டும். தாம்பூலமாகக் கொடுத்த மஞ்சப்பை கையில் இருந்தது. அதில் முறுக்கு, லட்டு, அப்புறம் நான் எங்கே போனாலும் பெட்டியில் எடுத்துப்போகிற அந்தப் பழுதுத் துண்டு. குறும்பாகத்தான் செய்தேன், கரை வெளியே தெரியும்படி அதை மேலே வைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக நடந்தேன்.

தெருவில் பாவு இல்லை, இரண்டு பக்கமும் பைக்குகள். டெய்லர் கடை இருந்த இடத்தில் ஃபோன் ரிப்பேர் கடை, வாசலுக்கு மேலே ஒரு கேமரா. அது என்னைப் பார்த்திருக்கும். ஆனால் எங்கே போகிறாய் என்று கேட்கத் தெரியாதே அதற்கு. பஸ் ஸ்டாண்டில் குப்பம்மா அக்காவின் இடத்தில் ஒரு சின்னப் பெண் காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு பூக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முழம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே அளந்து கொடுத்தாள், பையையும் பார்க்கவில்லை. கொஞ்சம் நின்று பார்த்தேன். அரக்குக் கரையை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டேன். ஊஹூம்.

வேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "எங்க?" என்றார். அப்பாடா, ஒருத்தராவது கேட்டுவிட்டார்! "வேலூரு. பொண்ணப் பாக்கப் போறேன். ஹாஸ்டல்ல கீறா. அவளுக்குத் தெரியாது" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆளுக்கொரு பொய்யாகச் சொல்லிவிட்டு ஓடிய அதே ஊரில், இன்று கேட்கிற எல்லாருக்கும் சொல்ல ஒரே ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பஸ் கிளம்பியதும் ஃபோனை எடுத்தேன். என் லொகேஷனை நானே என் மகளுக்கு அனுப்பிவிட்டேன். ஏகாம்பரத்தின் பெண் மறுபடியும் மஞ்சப்பையோடு வேலூர் பஸ் ஏறிவிட்டாள் என்று உலகத்தில் யாராவது ஒருத்திக்காவது தெரிய வேண்டாமா?